படகைக் கவிழ்ப்பது அலை மட்டுமல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீர்ப்பரப்பைத் தொட்டும் தொடாமலும் சீறிப் பாயும் ஹைட்ரோபிளேன் படகுப் பந்தயத்துக்கு நம் நாளிதழ்களில் இடம் கிடைப்பது, படகு குட்டிக்கரணம் அடித்த படம் வந்தால்தான். அதன் கீழே ‘அலையில் மோதிக் கவிழ்ந்தது’ என்று ஒரு வரி. அலை ஒரு தூண்டுதலாக இருக்கலாம். படகைத் தூக்கி எறிவது காற்று. இது புரிந்தால்தான் அந்தப் பந்தயத்தின் விறுவிறுப்பும் புரியும்.

அமெரிக்காவில் ஓடும், இந்தப் பந்தயத்தின் உச்சப் பிரிவான அன்லிமிடெட் வகைப் படகு சுமார் 30 அடி நீளமும் மூன்று டன் எடையும் கொண்டது. எஞ்சின், சினூக் ஹெலிகாப்டர்களில் உள்ள டி55 டர்பைன். நேர்ப்பாதையில் மணிக்கு 300 கி.மீ.க்கு மேல் போகும்போது இத்தனை எடையும் நீரைத் தொடுவது மூன்றே இடங்களில்: முன்பக்கம் இருபுறமும் மிதவைபோல் நீண்டிருக்கும் ஸ்பான்சன்கள், பின்னால் புரொப்பெல்லரின் கீழ்ப்பாதி. மேல்பாதி காற்றில்தான் சுழல்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் புரொப்பெல்லரின் இலை நீரை அறைந்து நுழைந்து வெளியே வருவதால், இலை முறிவது இந்தப் பந்தயத்தின் தீராத தலைவலி. இந்த மூன்றுமுனை அமைப்பின் வலிமையை உலகுக்குக் காட்டியது ‘ஸ்லோ-மோ-ஷன் 4’ என்ற படகு. 1950 ஜூன் 26 அன்று சியாட்டிலின் வாஷிங்டன் ஏரியில் மணிக்கு 160.32 மைல் ஓடி, 1939 முதல் நிலைத்திருந்த 141.74 மைல் நீர்வேகச் சாதனையை அது முறியடித்தது.

இரண்டு ஸ்பான்சன்களுக்கும் நடுவே புகும் காற்றுதான் படகைத் தாங்குகிறது. வேகம் இரட்டித்தால் தூக்குவிசை நான்கு மடங்காகும். மூக்கு சற்றே நிமிர்ந்தாலும் அடிப்பாகம் முழுவதும் காற்றுக்கு எதிரே நிற்கும். தூக்குவிசை படகின் எடைமையத்துக்கு முன்னால் நகரும். மூக்கு இன்னும் நிமிரும். ஒரு கட்டத்துக்கு மேல் போய்விட்டால் மீட்க வழியில்லை. ஆகவேதான் முன்னால் ஒரு சிறு இறக்கை. ஓட்டுநர் காலால் மிதித்து அதன் கோணத்தை மாற்றிக்கொண்டே இருக்கிறார். எதிர்க்காற்றில் ஓடும்போது மூக்கை அழுத்த வேண்டும். அதிகமாக அழுத்தினால் ஸ்பான்சன் நீரில் பதிந்து வேகம் செத்துவிடும். கண்ணாடி போன்ற நீரைவிட மெல்லிய சிற்றலை இருக்கும் நீரே நல்லது, அடிப்பாகம் ஒட்டிக்கொள்ளாது.

இங்கிலாந்தின் கோனிஸ்டன் ஏரியில் 1967 ஜனவரி 4 அன்று, நீர்வேகச் சாதனைக்கு முயன்ற பிரிட்டிஷ் ஓட்டுநர் டொனால்ட் கேம்ப்பெல் இறந்தது இப்படி மூக்கு நிமிர்ந்துதான். சாதனைக்கு எதிரெதிர்த் திசைகளில் இரண்டு ஓட்டம் வேண்டும். முதலாவதில் மணிக்கு 297 மைல் எட்டியவர், எரிபொருள் நிரப்பக் காத்திராமல் உடனே திரும்பினார். எடை குறைந்ததா, கலங்கிய நீரா, எஞ்சின் விசை விழுந்ததா, எது முதன்மைக் காரணம் என்று வல்லுநர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். 1978இல் ஆஸ்திரேலியாவின் புளோவரிங் அணையில் அந்நாட்டு ஓட்டுநர் கென் வார்பி எட்டிய 317.6 மைல் சாதனையை இன்றுவரை யாரும் தாண்டவில்லை.

ஆனால் தனியே ஓடும் சாதனை ஓட்டத்தைவிடப் பந்தயத்தின் தொடக்கமே என்னை அதிகம் ஈர்க்கிறது. படகுகள் நின்று புறப்படுவதில்லை; ஓடிக்கொண்டே வந்து, கடிகாரம் பூஜ்யத்தைத் தொடும் கணத்தில் கோட்டைக் கடக்க வேண்டும். ஒரு நொடி முந்தினால் தண்டனை, ஒரு நொடி பிந்தினால் முன்னே போகும் படகு வாரியடிக்கும் நீர்த்தூணுக்குள் மாட்டிக்கொள்ள வேண்டும். அந்த நீர் டர்பைனுக்குள் புகுந்தால் எஞ்சின் அணைந்துவிடும். உள்தடம் கிடைத்தவருக்குத் தூரம் குறைவு, ஆனால் வளைவு இறுக்கம். வெளித்தடத்தில் இருப்பவர் வேகத்தைக் காப்பாற்றிக்கொள்ளலாம். இந்தக் கணக்குகளுக்கெல்லாம் கடைசி ஒரு நிமிடம்தான். நிமிடத்துக்குச் சுமார் 16 லிட்டர்தான் எரிபொருள் எடுக்கலாம் என்ற வரம்பு இருப்பதால், கண்மூடித்தனமாக மிதித்தும் ஜெயிக்க முடியாது.

திருப்பம் எல்லாமே இடப்பக்கம். இடது ஸ்பான்சனில் நீருக்குள் இறங்கியிருக்கும் ஒரு உலோகத் தகடுதான் படகு வெளியே சறுக்காமல் பிடித்துக்கொள்கிறது. அது பிய்ந்தால் படகு அடுத்த தடத்துக்குள் பாயும்.

புகழ்பெற்ற ஓட்டுநர்களான பில் மன்சி 1981இலும் டீன் செனவெத் 1982இலும் படகு கவிழ்ந்து இறந்தார்கள். இருவரும் உட்கார்ந்திருந்தது திறந்த காக்பிட்டில். 1986இல் ‘மிஸ் பட்வைசர்’ படகில் ஓட்டுநரின் தலைக்கு மேல் எஃப்-16 போர்விமானத்தின் மூடி பொருத்தப்பட்டது. பிறகு எல்லாப் படகுகளும் அவ்வழியே வந்தன. சுவாசக் காற்று, ஐந்து முனை இருக்கைப் பட்டை, கவிழ்ந்த நிலையில் வெளியேற அடியில் ஒரு கதவு. இன்று குட்டிக்கரணம் அடித்த படகிலிருந்து ஓட்டுநர் எழுந்து கையசைக்க முடிவது இவற்றால்தான். படத்தை வெளியிடும்போது இதையும் சொல்லுங்கள்.

வழக்கமாக ஜூலை இறுதியில் அமெரிக்காவின் கொலம்பியா ஆற்றிலும் ஆகஸ்ட் தொடக்கத்தில் சியாட்டிலிலும் பந்தயங்கள் நடக்கின்றன. அப்போது விளையாட்டுப் பக்கத்தில் கால் பத்தி ஒதுக்கி, யார் எந்தத் தடத்தில் தொடங்கினார், எந்தத் திருப்பத்தில் முந்தினார் என்று எழுதினால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
ராயபுரம், சென்னை