வானியல் ஆர்வலர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான அறிக்கையை உங்கள் முன் வைக்கிறேன். மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. நவம்பர், டிசம்பர் மாதங்களின் வான்நோக்கு நிகழ்ச்சிகளை மழை விழுங்கிவிட்டது. மற்றபடி இந்த ஆண்டு சங்கத்துக்கு வேலை கொடுத்தவை இரண்டு சிறுகோள்கள்தான்.

முதலாவது 2024 பிடி5. பூமியை நெருங்கும் சிறுகோள்களைத் தேடும் அட்லஸ் திட்டத்தின் தென்னாப்பிரிக்கத் தொலைநோக்கி ஆகஸ்ட் 7 அன்று இதைக் கண்டறிந்தது. செப்டம்பர் 29 முதல் நவம்பர் 25 வரை பூமியின் ஈர்ப்புக்குத் தற்காலிகமாக உட்பட்டிருந்ததால் பத்திரிகைகள் இதற்கு ‘இரண்டாவது நிலா’ என்று பட்டம் சூட்டின. அளவோ ஏறத்தாழ 10 மீட்டர்தான். நம் தொலைநோக்கியில் இது தெரியவே தெரியாது என்று முன்பே அறிவித்திருந்தோம். அப்படியும் மொட்டைமாடி ஏறித் தேடியவர்கள் உண்டு. நம் உறுப்பினர்களும் அதில் அடக்கம்.

இரண்டாவது, 2024 ஒய்ஆர்4. சிலி நாட்டின் ரியோ உர்ட்டாடோவில் உள்ள அட்லஸ் தொலைநோக்கி டிசம்பர் 27 அன்று இதைக் கண்டது. அதற்கு இரண்டு நாள் முன்பே, கிறிஸ்துமஸ் அன்று, 8.3 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் அது பூமியைக் கடந்து போயிருந்தது. சூரியன் இருக்கும் திசையிலிருந்து வந்ததால் தரைத் தொலைநோக்கி எதற்கும் முன்கூட்டிச் சிக்கவில்லை.

இதன் பாதை மிக நீண்ட நீள்வட்டம். சூரியனுக்கு 13 கோடி கிலோமீட்டர் அருகில் வரும். பிறகு செவ்வாயைத் தாண்டி 62 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் போய்த் திரும்பும். ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 4 ஆண்டுகள். சிக்கலே இங்குதான். அது ஒருமுறை சுற்றி வருவதற்குள் பூமி நான்கு முறை சுற்றி, அதே டிசம்பரில் அதே இடத்தருகே வந்து நிற்கிறது. அதனால்தான் அடுத்த சந்திப்புகள் 2028 டிசம்பரிலும் 2032 டிசம்பரிலும் அமைகின்றன.

2032 டிசம்பர் 22 அன்று பூமியில் மோதும் வாய்ப்பு ஜனவரி இறுதியில் 1 சதவீதத்தைத் தாண்டியது. பன்னாட்டுச் சிறுகோள் எச்சரிக்கை வலையமைப்பு முறையான அறிவிப்பு வெளியிட்டது. மோதக்கூடிய இடங்களின் பட்டையில் அரபிக்கடலும் தெற்காசியாவும் இருந்ததால், பிப்ரவரி முழுவதும் செயலாளரின் கைபேசி ஓயவில்லை. 2032க்குப் பிறகும் தவணை நீளும் வீட்டுக் கடனை வாங்கலாமா என்று கேட்டவரும் உண்டு. வாங்கலாம் என்றேன், வட்டி விகிதம் பற்றிக் கருத்துச் சொல்லவில்லை.

‘நேற்றைவிட இன்று வாய்ப்பு ஏறியிருக்கிறதே, அது நம்மை நோக்கித் திரும்பிவிட்டதா?’ என்பதே பெரும்பாலோரின் கேள்வி. இதற்கு விடையாக உயர்நிலைப் பள்ளி மைதானத்தில் ஒரு செயல்விளக்கம் நடத்தினோம். சில வார அளவீடுகளை மட்டும் வைத்து எட்டு ஆண்டுக்குப் பிந்தைய இடத்தைக் கணக்கிட்டால், பாறை இருக்கக்கூடிய இடங்கள் நீண்ட கோடாக விரிந்து கிடக்கும். அந்தக் கோட்டைச் சுண்ணாம்புப் பொடியால் போட்டு, அதன்மேல் பூமிக்கு ஒரு சிறு வட்டம் வரைந்தோம். புதிய அளவீடு வரவர, கோட்டை இரு முனையிலிருந்தும் மாணவர்கள் காலால் அழித்தார்கள். வட்டம் அசையவில்லை, கோடுதான் குறுகியது. மிச்சக் கோட்டில் வட்டத்தின் பங்கு கூடிக்கொண்டே போனது. கடைசியில் கோடு வட்டத்தைவிட்டு விலகியதும் பங்கு ஒன்றுமில்லாமல் போயிற்று. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இது உடனே புரிந்தது. பெற்றோருக்குத்தான் இரண்டாம் முறை விளக்க வேண்டியிருந்தது.

வானிலும் அதுவே நடந்தது. பிப்ரவரி 18 அன்று வாய்ப்பு 3.1 சதவீதத்தைத் தொட்டது. 2004இல் அபோபிஸ் சிறுகோளுக்குக் கணிக்கப்பட்ட 2.7 சதவீதத்தையும் மிஞ்சிய அளவு இது. ஒரே வாரத்தில், பிப்ரவரி 24 அன்று, 0.004 சதவீதமாகச் சுருங்கியது. ஏறியபோது முதல் பக்கத்தில் போட்டவர்கள் இறங்கியபோது உள்பக்க மூலையில் போட்டார்கள் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியின் மார்ச் மாத அளவீடுகளின்படி பாறையின் அகலம் ஏறத்தாழ 60 மீட்டர். நிலவில் மோதும் வாய்ப்பு மட்டும், இந்த அறிக்கை எழுதப்பட்ட 2025 ஏப்ரல் மாதத்தில், 3.8 சதவீதமாக இருந்தது. அப்படி மோதினாலும் நிலவின் பாதை மாறாது; புதிதாக ஒரு பள்ளம் விழும்.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு இரண்டு பரிந்துரைகளை வைக்கிறது. ஹவாயின் பான்-ஸ்டார்ஸ் தொலைநோக்கிப் படங்களில் சிறுகோள்களாக இருக்கக்கூடிய நகரும் புள்ளிகளைத் தேடி அளக்கும் பன்னாட்டு மாணவர் திட்டத்தில் நம் ஊர்ப் பள்ளிகளைச் சேர்ப்பது ஒன்று. 4130 ராமானுஜன் சிறுகோள் 1988இல் கண்டுபிடிக்கப்பட்ட காவலூர் ஆய்வகத்துக்கு அந்த மாணவர்களை அழைத்துப்போவது மற்றொன்று. அபோபிஸ் பூமிக்கு 32,000 கிலோமீட்டர் அருகில் வரும் 2029 ஏப்ரல் 13க்குள் இந்தப் பிள்ளைகள் தாமே அளந்து பழகியிருக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் படிப்பார். சந்தா பாக்கி வைத்திருப்போர் அதற்கு முன் எழுந்து போய்விட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்