புது ட்ரெய்லர் வாங்கிய மகனுக்கு

அன்புள்ள கண்ணு,

உன் புது ட்ரெய்லரை, பின்னால் இழுத்துப் போகிற அந்தச் சக்கர வீட்டை, நீ நேற்று எடுத்து அனுப்பிய போட்டோவை அம்மா நாலைந்து தடவை பெரிதாக்கிப் பார்த்துவிட்டாள். ஜன்னலில் பேத்தி கையை ஆட்டுவது, உள்ளே அடுக்குப் படுக்கை, மருமகள் அதற்குள் திரைச்சீலை மாட்டியிருப்பது, எல்லாமே அவளுக்குச் சந்தோஷம். எனக்கும்தான். ஆனால் என் கண் போன இடம் வேறு. ட்ரெய்லரை மாட்டிக்கொண்டு நிற்கிற உன் பிக்கப்பின் பின்பக்கம் நன்றாக இறங்கி, முன்பக்கம் தூக்கி நிற்கிறது. போனில் சொன்னால் "சரிப்பா, பாத்துக்கறேன்" என்று வைத்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

மாதக் கடைசியில் யூட்டாவில் இருக்கிற மோவாப் போவதாகச் சொன்னாயே, அதைக் கொஞ்சம் தள்ளி வை. டென்வரிலிருந்து ஐ-70 நெடுஞ்சாலையில் ஏறினால் ஐசன்ஹோவர் சுரங்கம் 11,000 அடிக்கு மேலே இருக்கிறது. சுரங்கத்தை விட்டு வெளியே வந்ததும் சில்வர்தார்ன் வரை 7 சதவீத இறக்கம். பிரேக் போன லாரிகள் ஏறி நிற்பதற்கென்றே சரளைக்கல் மேடு போட்டு வைத்திருக்கிற ரோடு அது. அப்புறம் வேல் பாஸ் என்கிற மலைக்கணவாய். ட்ரெய்லரை முதல் தடவை இழுக்கிறவன் போகிற வழி இல்லை. உனக்குப் பக்கத்திலேயே செர்ரி க்ரீக் ஸ்டேட் பார்க்கில் முகாம் போட இடம் இருக்கிறது. முதல் இரண்டு ராத்திரி அங்கே தங்குங்கள். ஏதாவது மறந்துபோனால், ஏதாவது வேலை செய்யவில்லை என்றால், வீடு கூப்பிடு தூரத்தில் இருக்கும்.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நீ நாலாவது படிக்கும்போது அரிசோனாவில் பெட்ரிஃபைட் ஃபாரஸ்ட் பார்த்துவிட்டுத் திரும்பினோமே, ஞாபகம் இருக்கிறதா? நீயும் தங்கையும் பின்சீட்டில் தூங்கிவிட்டீர்கள். ஐ-40இல் வின்ஸ்லோ தாண்டியதும் காற்று பக்கவாட்டில் அடித்தது, அந்த நேரத்தில் ஒரு பெரிய லாரி எங்களைத் தாண்டிப் போனது. முதலில் அதன் காற்று ட்ரெய்லரை வெளியே தள்ளியது, பிறகு உள்ளே இழுத்தது. இடது கண்ணாடியில் ட்ரெய்லரின் முழு வெள்ளைச் சுவரும் தெரிந்தது, அடுத்த நொடி அது வலது கண்ணாடியில் தெரிந்தது, மறுபடி இடது. நான் பயந்துபோய் பிரேக்கை மிதித்தேன். ஆட்டம் இன்னும் கூடியது. அம்மா மேலே இருந்த கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள், வாயே திறக்கவில்லை. ரோடு லேசாக மேடேறியதால் வேகம் தானாகக் குறைந்து வண்டி நேரானது. ஓரத்தில் நிறுத்திவிட்டு இறங்கினேன், கொஞ்ச நேரம் கால் தரையில் பாவவில்லை. நீங்கள் இரண்டு பேரும் எழுந்திருக்கவே இல்லை.

அன்று என்ன தப்பு என்று பின்னால் போய்ப் பார்த்தேன். தண்ணீர்க் கேன்கள், விறகு எல்லாவற்றையும் பின்பக்கப் படுக்கைக்கு அடியில் போட்டிருந்தேன். அது போதாதென்று பின் பம்பரில் நாலு சைக்கிள். தாத்தா பார்த்திருந்தால் ஒரு மைல்கூடப் போக விட்டிருக்க மாட்டார். பொள்ளாச்சிச் சந்தைக்கு வண்டியில் தேங்காய் ஏற்றும்போது, மாடு பூட்டுவதற்கு முன்னால் நுகத்தடியை ஒரு கையால் தூக்கிப் பார்ப்பார். லேசாக எழுந்தால் பின்பாரம், காயை முன்னால் தள்ளச் சொல்வார். பின்பாரம் ஆனால் நுகம் மேலே தூக்கி மாட்டின் கழுத்துக் கயிற்றை இறுக்கும், முன்பாரம் மிஞ்சினால் கழுத்தில் அழுத்திப் புண்ணாக்கும். பக்கத்தில் நின்று காய் எடுத்துக் கொடுத்தவன் நான்தான். வின்ஸ்லோவில் அந்த ஓரத்தில் நிற்கும்போதுதான் அது ஞாபகம் வந்தது.

இங்கே அதை டங் வெயிட் என்கிறார்கள். ட்ரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம், அதை வண்டியோடு மாட்டுகிற ஹிட்ச்சின் மேல் உட்கார வேண்டும். குறைந்தால் வால் ஆடும். கூடினால் உன் போட்டோவில் இருக்கிற மாதிரி முன்சக்கரத்தின் பிடி குறையும், ஸ்டியரிங்கும் பிரேக்கும் சொன்ன பேச்சைக் கேட்காது. அதனால் கனமான சாமான் எல்லாம் ஆக்சிலுக்கு, அதாவது சக்கர அச்சுக்கு, மேலேயும் சற்று முன்னாலேயும், தரையோடு தரையாக இருக்கட்டும். அம்மா கொடுத்துவிடப் போகிற கிரைண்டரும் இரும்புத் தோசைக்கல்லும்கூட அங்கேதான்.

விற்பனைத் தாளில் 4,900 பவுண்டு என்று போட்டிருக்கிறது என்றாய். அது காலி எடை, அதை நம்பிக் கணக்குப் போடாதே. தண்ணீர்த் தொட்டி 40 கேலன் என்றால் நிரப்பியதும் தண்ணீர் மட்டுமே 330 பவுண்டு. பேட்டரி, கேஸ் சிலிண்டர், பாத்திரம், துணிமணி, நாற்காலி எல்லாம் சேர்ந்து 6,000 பவுண்டு வந்துவிடும், அதில் 13 சதவீதம் என்றால் 780. உன் பிக்கப்பின் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை பவுண்டுக்கு மேல் போகக்கூடாது என்று. உன் வண்டியில் 1,450 என்று நீ சொன்ன ஞாபகம். 780, ஹிட்ச் ஒரு 90, நீங்கள் நாலு பேரும் குழந்தை சீட்டும் 430, ஆக 1,300 போய்விட்டது. மிச்சம் இருப்பது 150 பவுண்டுதான். "இந்த வண்டி 10,000 பவுண்டு இழுக்கும்" என்று விற்கிறவர்கள் சொல்வார்கள், இந்த 150 கணக்கை யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஆகவே சாமான் எல்லாம் ஏற்றி, குடும்பத்தோடு உட்கார்ந்து, லாரிகள் நிற்கிற பெட்ரோல் நிலையத்தில் கேட் ஸ்கேல் (CAT Scale) என்கிற எடைமேடை இருக்கும், அதில் ஒரு தடவை எடை போடு. ட்ரெய்லரைக் கழற்றிவிட்டு பிக்கப்பை மட்டும் இன்னொரு தடவை. முதல் தடவை, பாரத்தைப் பகிர்கிற ஹிட்ச்சின் கம்பிகளைக் கழற்றிவிட்டு எடை போட்டால், இரண்டு எடைச் சீட்டிலும் பிக்கப்பின் எடைக்குள்ள வித்தியாசம்தான் டங் வெயிட். முன்சக்கரத்துக்கும் பாரத்தைப் பகிர்ந்து கொடுக்கிற அந்த ஹிட்ச்சை டீலர் காலி ட்ரெய்லரை வைத்துத்தான் சரிசெய்து கொடுத்திருப்பார், சாமான் ஏற்றியபின் மறுபடியும் சரிசெய்யச் சொல். முன்சக்கரத்துக்கு மேலே மட்கார்டு தரையிலிருந்து எத்தனை அங்குலம் என்று மாட்டுவதற்கு முன்னும் பின்னும் டேப் வைத்து அளந்து பார், உனக்கே புரியும்.

மாட்டும்போது யாரோடும் பேசாதே. பாதியில் யாராவது கூப்பிட்டால் முதலிலிருந்து ஆரம்பி. கொக்கி பூட்டியதும் ட்ரெய்லரின் ஜாக்கை இரண்டு அங்குலம் ஏற்றிப் பார், பிக்கப்பின் பின்பக்கமும் சேர்ந்து எழும்பினால்தான் ஹிட்ச்சின் இரும்புப் பந்து கொக்கிக்குள் சரியாக உட்கார்ந்திருக்கிறது. சங்கிலி இரண்டையும் அடியில் குறுக்காகப் போடு. கொக்கி கழன்றால் தரையில் குத்தாமல் அந்தச் சங்கிலி தொட்டில் மாதிரி தாங்கும். ஆனால் ரோட்டில் உரசக்கூடாது, அந்தப் பொறி காய்ந்த புல்லைப் பற்ற வைத்துவிடும். மெல்லிய கம்பி ஒன்று இருக்கும், ட்ரெய்லர் முழுசாகப் பிரிந்து போனால் அதன் பிரேக்கைத் தானாகப் பிடிக்க வைப்பது அது. அதைச் சங்கிலியில் மாட்டாமல் வண்டியில் தனியாக மாட்டு. அந்தப் பிரேக் ட்ரெய்லர் பேட்டரியில்தான் ஓடுகிறது, பேட்டரி செத்திருந்தால் கம்பி இருந்தும் பிரயோஜனம் இல்லை.

டயரில் குளிர்ந்திருக்கும்போது காற்றைப் பார். புது ட்ரெய்லர் என்பதால் முதல் 50 மைலிலும் அப்புறம் 100 மைலிலும் சக்கர நட்டை, இறுக்கத்தை அளந்து காட்டுகிற டார்க் ரெஞ்சால் இறுக்கிப் பார்த்துவிடு, புதுச் சக்கரத்தில் நட்டு தளரும். வேகம் எதுவும் குறிக்காத ட்ரெய்லர் டயர்கள் 65 மைல் வேகத்துக்குத்தான் செய்யப்பட்டவை. ரோட்டில் 75 என்று பலகை இருந்தாலும் நீ 60-ஐத் தாண்டாதே. பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏதாவது காலி பார்க்கிங்கில் இரண்டு மணி நேரம் ஓட்டிப் பழகு. 20, 25 மைலில் போகும்போது ட்ரெய்லரின் பிரேக்கைத் தனியாகப் பிடிக்கிற பிரேக் கன்ட்ரோலரின் கைப்பிடியை மட்டும் அழுத்து. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் ட்ரெய்லரே வண்டியை இழுத்துப் பிடித்து நிறுத்த வேண்டும், பிரேக்கின் பலத்தை அந்த அளவுக்கு வை. இதைக் கை பழகும்வரை செய், ஏனென்றால் வால் ஆடினால் உன்னைக் காப்பாற்றுவது அந்தக் கைப்பிடிதான். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடு, வண்டி பிரேக்கைத் தொடாதே, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு கைப்பிடியை மெல்ல அழுத்து. வின்ஸ்லோவில் எனக்கு இது தெரிந்திருக்கவில்லை.

ரிவர்ஸ் எடுக்க ஸ்டியரிங்கின் அடிப்பாகத்தில் கையை வை. ட்ரெய்லரின் பின்பக்கம் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்து, அவ்வளவுதான். சந்தேகம் வந்தால் நிறுத்திவிட்டு இறங்கிப் பார், பத்துத் தடவை இறங்கினாலும் பரவாயில்லை. மருமகள் பின்னால் நின்று வழி சொன்னால், அவள் கண்ணாடியில் தெரியாத நொடியே வண்டியை நிறுத்திவிடு. குழந்தைகள் அந்த நேரம் பிக்கப்புக்கு உள்ளேதான் இருக்க வேண்டும், இதில் பேச்சே கிடையாது.

மலை இறக்கத்துக்கு நேரம் வரும்போது இறங்கத் தொடங்குவதற்கு முன்னாலேயே பாரம் இழுப்பதற்கென்று வண்டியில் இருக்கிற டோ மோடில் போட்டு, கியரைக் குறைத்துக்கொள். வேகம் ஏறினால் ஒரு தடவை பிரேக்கை அழுத்திக் குறைத்துவிட்டுக் காலை எடுத்துவிடு. காலை பிரேக்கிலேயே வைத்துக்கொண்டு இறங்கினால் சூடேறி, கீழே வரும்போது பிடிக்காது. ஃபிளாக்ஸ்டாஃபிலிருந்து ஃபீனிக்ஸுக்கு ஐ-17இல் இறங்கும்போது ஓரத்தில் சக்கரத்திலிருந்து புகை வர நிற்கிற வண்டிகளை எத்தனையோ பார்த்திருக்கிறேன்.

மே மாதம் நாங்கள் வருகிறோம். மோவாப் பயணத்தை அப்போது வைத்துக்கொள்ளலாம், நான் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து வருகிறேன், ஓட்டுவது நீதான். ட்ரெய்லரைக் கழற்றுவதற்கு முன்னால் சக்கரத்துக்குக் கட்டை போட வேண்டும் என்பதை மட்டும் அதற்குள் மறந்துவிடாதே. என் பழைய மரக்கட்டை இரண்டு ஷெட்டில் இருக்கிறது, கொண்டு வருகிறேன். எடை போட்டதும் அந்தச் சீட்டைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பு.

அப்பா