தம்பலகாமத்திலிருந்து அம்மா

அன்புள்ள மகளுக்கு,

நாங்கள் எல்லாரும் சுகம். பெரும்போக நெல் வெட்டியாச்சா என்று போனில் கேட்டாய், சரியாகச் சொல்ல முடியாமல் போய்விட்டது. ஆச்சு. வெட்டு மெசின் காலையில் இறங்கியது, மத்தியானத்துக்குள் இரண்டு ஏக்கரும் முடிந்தது.

கையால் கதிர் அறுக்கிற அருவி வெட்டுக்கு நாங்கள் கூட்டமாய் இறங்கிய காலம் உனக்கும் ஞாபகம் இருக்கும். வெட்டி, வெட்டின கதிரை உப்பட்டியாய்ப் போட்டுக் காயவிட்டு, குவித்துச் சூடு வைத்து, பிறகுதான் நெல்லைப் பிரிக்கிற மிதிப்பு. என் நாளிலேயே மிதிப்புக்கு உழவு மெசின் வந்துவிட்டது. எருமை கட்டி விடியவிடிய மிதித்தது உன் அம்மம்மா காலம். அவ அதைப் பெருமையாய்ச் சொல்லுவா. எனக்கென்றால் குனிந்து வெட்டின இடுப்பு வலிதான் ஞாபகம். மெசின் வந்ததில் எனக்குக் கவலை இல்லை.

கவலை வேறு இடத்தில். சூட்டில் கிடந்த நெல் காய்ந்துவிடும், வீட்டில் வைத்து விலை பார்த்து விற்போம். மெசின் வெட்டின கையோடே நெல்லைப் பிரித்து ஈரமாகவே கொட்டுகிறது. வியாபாரி லொறியோடு வரம்பிலேயே நிற்கிறான். கையை விட்டு அள்ளிப் பார்த்து, "ஈரம் அக்கா" என்று கிலோவுக்கு விலையைக் குறைக்கிறான். மெசின்காரனுக்கும் அன்றைக்கே காசு கொடுக்கவேணும். கொடுக்காமல் என்ன செய்வது? முன்பு வெட்டுக்கூலி நெல்லாகவே போகும், அதுவும் பக்கத்து வீட்டுக்குத்தான்.

தண்ணி கந்தளாய்க் குளத்தது, மற்றதெல்லாம் காசுக்கு. டீசலும் யூரியாவும் கப்பலில் வரவேணும். 2021இல் அரசாங்கம் இரசாயன உரத்தைத் தடை செய்ததே, அப்போதுதான் அது எனக்கு நன்றாக உறைத்தது. நவம்பரில் தடையை எடுத்தார்கள், ஆனால் அந்தப் போகம் போனது போனதுதான்.

ஆம்பிளைப் பிள்ளைகளுக்கு மெசின் ஓட்டுகிற வேலையாவது மிஞ்சியது. 1980இல் சீனக்குடாவில் பிறிமா மாவாலை வந்த பிறகு மாதச் சம்பளத்துக்குப் போனவர்களும் உண்டு. வயலில் வேலை இல்லாமல் போனது பொம்பிளைகளுக்குத்தான். நீ கட்டுநாயக்கா வர்த்தக வலயத்து வேலைக்கு பஸ் ஏறினதும் அதோடு சேர்ந்த கதைதானே.

வயலைக் குத்தகைக்கு விடச் சொன்னாய். இப்போது வேண்டாம். மெசின் கூலிக்கென்று காசு அனுப்பவும் வேண்டாம். முடிந்தால் நெல்லைப் பரப்பிக் காயவிட இரண்டு பெரிய படங்கு வாங்கக் காணுமளவு அனுப்பு. சிறுபோக நெல்லை முற்றத்தில் காயவைத்துத்தான் விற்பேன். அப்புறம், ஓவர்டைம் காசு ஒழுங்காகத் தருகிறார்களா? அடுத்த முறை எடுக்கும்போது அதை முதலில் சொல்லு.

அன்புடன்,
அம்மா