பகல் கனவுல தடங்கலும் வரணும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன வாரம் நம்ம பேப்பர்ல 'பகல் கனவை விட்டுட்டு உழைங்க'ன்னு இளைஞர்களுக்கு ஒரு கட்டுரை வந்துச்சு. நல்ல எண்ணத்துலதான் எழுதியிருக்காங்க, ஆனா பாதிதான் சரின்னு எனக்குப் படுது.

பாபநாசம் பக்கம் சின்னதா ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன், டிஎன்பிஎஸ்சி குரூப் 4 வந்துட்டா அப்ளிகேஷன் போட சுத்துப்பட்டு புள்ளைங்க நெறைய பேர் இங்கதான் வரும். போட்டோ ஸ்கேன் ஆகுறதுக்குள்ள விஏஓ ஆயி, எந்த ஊர்ல போஸ்டிங், மொத சம்பளத்துல அம்மாவுக்கு என்ன வாங்குறது, என்ன வண்டி எடுக்குறதுன்னு எல்லாத்தையும் பேசி முடிச்சிருவாங்க. கேக்க எனக்கும் ஆசையாத்தான் இருக்கும். ஆனா "இலக்கணம் பாத்தாச்சா தம்பி"ன்னு கேட்டா சிரிச்சு மழுப்பிருவாங்க. மொத்தம் 200 கேள்வி, அதுல 100 தமிழ், தமிழ்ல 40 சதவீதம் வரலன்னா மிச்சத்தை மதிப்பிடவே மாட்டாங்க. இவங்க கனவுல அந்த பரிச்சை ஹாலே வராது, நேரா சம்பளந்தான்.

அதுக்காக கனவே காணாதன்னு சொன்னா எப்புடிங்க? நம்ம டெல்டா விவசாயி சித்திரை வைகாசில வயல் காஞ்சு கெடக்கும்போது திண்ணைல ஒக்காந்து என்ன பண்றாரு, கனவுதான் காணுறாரு. ஆனா அந்தக் கனவுல வழக்கம்போல ஜூன் 12 மேட்டூர் அணையைத் தொறப்பாங்களா, தொறந்தாலும் கடைமடைக்கு எப்ப வரும், தொறக்கலன்னா குறுகிய காலப் பயிரான குறுவையை விட்டுட்டு அடுத்து வர்ற சம்பாவுக்கு நாத்து விடாம நேரடி விதைப்பு போட்டுரலாமா, ஐப்பசி கார்த்திகைல கொட்டித் தீத்தா எந்த வடிகால் தூந்து கெடக்கு, எல்லாமே கூடவே ஓடும். 2024ல மேட்டூர் தொறந்ததே ஜூலை கடைசிலதான், அப்ப எல்லாம் இந்த மாதிரி முன்னாடியே யோசிச்சு வச்சதுதான் கைகொடுக்கும்.

ஜெர்மனில பொறந்த கேப்ரியேல் ஓட்டிங்கன்னு ஒரு உளவியல் பேராசிரியை இதையே ஆராய்ச்சி பண்ணி வச்சிருக்காங்க. படிச்சு முடிச்சு வேலை தேடுன பட்டதாரிங்களை அவங்களும் இன்னொருத்தரும் ரெண்டு வருசம் கழிச்சு விசாரிச்சிருக்காங்க, 2002ல வெளியான ஆய்வு. நல்ல வேலை கெடச்ச மாதிரியே சொகமா கற்பனை பண்ணிக்கிட்டு இருந்தவங்க போட்ட அப்ளிகேஷனும் கம்மி, வந்த வேலையும் கம்மி, சம்பளமும் கம்மி. அதே நேரம் நமக்குக் கெடைக்கும்னு நம்பிக்கையா இருந்தவங்க நல்லாவே வந்திருக்காங்க, அதனால நம்பிக்கை வேற சொகக் கற்பனை வேற. கனவுலயே அனுபவிச்சுட்டா மனசு தளந்துருதாம். அவங்க சொல்ற வழியும் கனவை விடுறது இல்ல, ஆசையை நெனச்ச கையோட அதுக்கு எது குறுக்க நிக்குதுன்னும் நெனச்சுப் பாருங்கறதுதான்.

கணித மேதை கும்பகோணத்து ராமானுஜனுக்கு அவர் குலதெய்வம் நாமகிரித் தாயார் கனவுல வந்து கணக்கு சொன்னாங்கன்னு எல்லாரும் சொல்லுவாங்க. பேப்பர் வாங்கிக் கட்டுப்படியாகாம அவர் சிலேட்டுல போட்டுப் போட்டு முழங்கையாலயே அழிச்சதை யாரும் அவ்வளவா சொல்றதில்ல. கணக்கைத் தவிர மத்த பாடத்தைக் கண்டுக்காம ஸ்காலர்ஷிப்பும் போச்சு, அது தனிக் கதை.

உங்ககிட்ட ஒரு வேண்டுகோள். ரிசல்ட் வந்தா பாஸானவங்க பேட்டி போடுறீங்க, போட்டோல மாலை, ஸ்வீட்டு எல்லாம் இருக்கு. அவங்க மொத தடவை எதுல கோட்டை விட்டாங்க, எந்தப் பாடம் முட்டுக்கட்டையா இருந்துச்சு, காலைல வேலைக்குப் போயிட்டு எந்த நேரத்துல படிச்சாங்கன்னு ரெண்டு கேள்வி கூடக் கேட்டுப் போடுங்க. கட் பண்ணி கடை கண்ணாடில ஒட்டி வைக்கிறேன், அப்ளிகேஷன் போட நிக்கிற நேரத்துல படிக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பாபநாசம், தஞ்சாவூர் மாவட்டம்