எங்கள் ஊராட்சிக்குத் தேர்தல் தேதியைச் சொல்லுங்கள்

உள்ளாட்சித் தேர்தலை நடத்தும் பொறுப்பில் உள்ள அதிகாரிகளுக்கு,

வணக்கம். உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். 2019 டிசம்பரில் நாங்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்தது. வார்டு வரையறை, இடஒதுக்கீடு என்று தாமதத்துக்குச் சொல்லப்படும் காரணங்களைக் கேட்டுவிட்டோம். தேதியைத்தான் யாரும் சொல்லவில்லை.

சித்திரை வெயிலில் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் எரிந்துபோனது. முன்பென்றால் ராத்திரி பத்து மணிக்கும் தலைவர் வீட்டுக் கதவைத் தட்டுவோம். திட்டவும் செய்வோம். விடிந்ததும் மோட்டாரைக் கழற்ற ஆள் வந்துவிடும். எங்கள் முகத்தில்தானே அவர் விழித்தாக வேண்டும்! இப்போது தலைவருக்குப் பதிலாக அரசு நியமித்த தனி அலுவலர். பல ஊராட்சிகளுக்கு அவர் ஒருவர்தான். இரண்டு பஸ் மாறி ஒன்றிய அலுவலகத்துக்கு நான்கு தடவை போனேன். மூன்று தடவை அவர் கூட்டத்தில் இருந்தார். நான்காவது தடவை மனுவை வாங்கிக்கொண்டார். தண்ணீர் வரப் பதினொரு நாள் ஆனது. அதுவரை முழங்கால் தேய்ந்த என் அம்மா, தோட்டத்துக் கிணற்றிலிருந்து அரைக் குடம் அரைக் குடமாகச் சுமந்தார். வழியில் இருக்கும் வேப்பமரத்தடியில் குடத்தை இறக்கிவைத்து உட்கார்ந்துதான் எழுவார்.

அந்த அலுவலர் மேல் எனக்குக் கோபமில்லை. அவரை நாங்கள் தேர்ந்தெடுக்கவில்லை, அவ்வளவுதான்.

ஐந்தாண்டு முடிவதற்குள் தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்பது அரசமைப்புச் சட்டம். 2016-இலும் இதே கதைதான். மூன்று ஆண்டு தலைவர் இல்லாமல் கிடந்தோம். தேதியைச் சொல்லுங்கள்.

ஊராட்சித் தலைவர் நாற்காலி எங்கள் மதுரை மாவட்டத்தில் சும்மா கிடைத்ததில்லை. மேலவளவில் தலைவரான தலித் முருகேசனை 1997-இல் வெட்டிக் கொன்றார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் தலித் ஒருவர் அதில் உட்காரக் கூடாது என்று பத்து வருடம் தடுத்தார்கள். அதை முறித்து 2006-இல் தேர்தலை நடத்திக் காட்டியது அரசு நிர்வாகம்தான். 2021 காந்தி ஜெயந்தியன்று முதலமைச்சரே பாப்பாபட்டி கிராமசபைக்கு வந்தார். ஆதிக்க சாதியினர் தடுத்தபோதே நடத்த முடிந்த தேர்தலை, யாருமே தடுக்காதபோது ஏன் நடத்த முடியவில்லை? எம்.எல்.ஏ., எம்.பி. தேர்தலை இப்படித் தள்ளிப்போடுவீர்களா? எங்கள் ஓட்டு மட்டும் இளைத்ததா?

சரி, கோபத்தில் ஏதும் கூடுதலாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பணிந்து கேட்கிறேன், தேதியை அறிவியுங்கள். அறிவித்த அன்றே வாக்காளர் பட்டியலோடு எங்கள் தெருவில் வீடுவீடாகப் போய், யார் பெயர் விட்டுப்போயிருக்கிறது என்று நானே பார்த்துச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
உசிலம்பட்டி வட்டார வாக்காளர் ஒருவர்