தீர்ப்பு தேடவும் சந்தாவா?

ஆசிரியருக்கு,

முன்சீப் கோர்ட்டில் ஒரே ஒரு ஜூனியரை வைத்துக்கொண்டு ஓட்டும் வக்கீலுக்கு, தீர்ப்புத் தேடும் தளங்களின் ஆண்டுச் சந்தா கட்டுப்படியாகாது. 2008 முதல் இந்தியன் கானூன் என்ற இலவசத் தீர்ப்புத் தேடல் தளம் இருக்கிறது, 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே தன் தீர்ப்புத் தொகுப்பின் இணைய வடிவமான இ-எஸ்சிஆரை இலவசமாகத் திறந்துவிட்டது, சந்தோஷம். சரி, தீர்ப்பு கிடைத்துவிடும். ஆனால் பிறகு கூடுதல் நீதிபதிகள் கொண்ட பெரிய அமர்வு அதை மாற்றிவிட்டதா, இன்னும் செல்லுமா என்று உடனே காட்டுகிற வசதிக்குத்தான் காசு, எதிர்த்தரப்பு நம்மை மடக்குவதும் அங்கேதான். தீர்ப்பின் மூல வாசகம் யாருடைய தனிச்சொத்தும் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2007-லேயே சொல்லியாயிற்று. தாலுகா பார் அசோசியேஷன் நூலகங்களுக்காவது பார் கவுன்சில் பொதுச் சந்தா ஒன்று எடுத்துத் தரலாமே? அப்புறம், அந்த நூலகத்தைச் சாயங்காலம் கோர்ட் கலைந்ததும் பூட்டாமல் இருந்தால் இன்னும் உத்தமம்.

– ஒரு வழக்கறிஞர், அரூர்