கத்தல் பையன் விவசாயி ஆன கதை

டேய் மாப்ள,

நலம்தானே? ஏழு மாசமா எழுதாததற்குத் திட்டுவதை நேரில் வந்து வைத்துக்கொள். இப்போது இரக்கம் காட்டு. வலது காலில் மாவுக்கட்டு. பைபாஸ் திருப்பத்தில் ஒரு பொடியன் எதிர்த்திசையில் வந்து ஏற்றிவிட்டான். ஆறு வாரம் கட்டில்தான். கட்டுக்குள்ளே அரிக்கும்போது அம்மாவுக்குத் தெரியாமல் ஈர்க்குச்சியை விட்டுச் சொறிவதுதான் இந்த மாதத்தின் ஒரே சுகம். பெரியவனிடம் மட்டும் சொல்லிவிடாதே, ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவான்.

விஷயம் அதுவல்ல. வின்லாண்ட் சாகா, அதான் அந்த வைக்கிங் அனிமே, இரண்டாவது சீசன் பார்த்துவிட்டேன்.

சுளிக்காதே. 2019-இல் மாடி ரூமில் வாராவாரம் உட்கார்ந்து 24 எபிசோடும் பார்த்துவிட்டு, "அந்தக் கத்தல் பையன் பக்கமே இனித் திரும்ப மாட்டேன்" என்று நீ சத்தியம் செய்தாய், நான் சாட்சி. அன்று நாம் சொன்ன குறையில் எதையும் நான் வாபஸ் வாங்கவில்லை. தோர்ஃபின், அப்பனைக் கொன்ற அஸ்கெலாட்டிடமே இருந்துகொண்டு, "என்னோடு மோது" என்று கத்துவான், மோதுவான், தோற்பான். மறுபடி கத்துவான். அந்த ராட்சச வீரன் தோர்கெல் வந்தாலே "இது ஆளா, ஜேசிபியா?" என்பாய். அஸ்கெலாட் ஒருவனுக்காகத்தான் நாம் பொறுத்துக்கொண்டோம். அவனையும் கடைசியில் முடித்துவிட்டார்கள். அந்தக் கடைசி எபிசோடின் தலைப்பு என்ன தெரியுமா? 'முன்னுரையின் முடிவு'! இவ்வளவு நீளமாக முன்னுரை பேசக்கூடியவர் நம் தமிழய்யா ஒருவர்தான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

இரண்டாவது சீசன் 2023 ஜனவரியில் வந்தது. ஸ்டூடியோ மாறிவிட்டது, விட் போய் மாப்பா. ஆனால் இயக்குநர் அதே யாபுதாதான். அதனால் ஆள் மாறியதால் தேறிவிட்டது என்று நீ தப்பிக்க முடியாது. முதல் எபிசோடில் நம் ஹீரோவைக் காணவே காணோம். எய்னார் என்று ஒரு இங்கிலாந்து விவசாயி. அவன் ஊரைச் சூறையாடி, அவனை அடிமையாக விற்று, டென்மார்க்கில் கேட்டில் என்பவரின் பண்ணைக்குக் கொண்டுவருகிறார்கள். கடைசியில்தான் அங்கே தோர்ஃபினைப் பார்க்கிறோம். அவனும் அடிமை. கண்ணில் உயிரே இல்லை. சத்தமாகக்கூடப் பேசுவதில்லை, நம்புவாயா!

அப்புறம் என்ன சண்டை என்கிறாயா? காட்டை அழித்துக் கோதுமை போடுகிறார்கள். அவ்வளவுதான். விளைச்சலைக் கேட்டிலுக்கு விற்று, அந்தக் காசில் தங்களையே மீட்டுக்கொள்ள வேண்டும். மரத்தை வெட்டிவிடலாம், அடிக்கட்டையை என்ன செய்வது? சுற்றிலும் தோண்டி, வேரை அறுத்து, தோளைக் கொடுத்து முக்குகிறார்கள். அது நகரவே மாட்டேன் என்கிறது. கண்மாய்க்கரையில் சீமைக்கருவேலத் தூரைத் தோண்டப் போய், உள்ளங்கை முழுக்கக் கொப்புளத்தோடு கடப்பாரையைக் கண்மாய்க்குள்ளேயே வீசிவிட்டு வந்தாயே, அந்த நாள்தான் ஞாபகம் வந்தது. வாள் வீச்சு எதுவும் செய்யாததை அந்த ஒரு கட்டை செய்தது. எனக்குத் தோள் வலித்தது.

இதில் கொடுமை, எய்னார் வீட்டை அழித்தவர்களைப் போல ஒருவனாகத்தான் தோர்ஃபினும் ஊர் ஊராகக் கொளுத்திக்கொண்டு திரிந்தான். இப்போது இருவருக்கும் ஒரே கொட்டகை. ராத்திரி தோர்ஃபின் தூக்கத்தில் அலறுகிறான். விடிந்தால் என்ன கனவென்று ஞாபகமில்லை. முதல் சீசனில் கணக்கில்லாமல் செத்துவிழுந்தவர்களை நாம் முறுக்கு தின்றுகொண்டே பார்த்தோமே, அவர்கள் எல்லாரும் அந்தக் கனவில் வருகிறார்கள். அங்கே நிறுத்திவிட்டு விளக்கைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். இந்தச் சீசனுக்காகவாவது அந்த முன்னுரை வேண்டியிருந்தது என்று எழுதக் கை கூசுகிறது, எழுதிவிட்டேன்.

குறை இல்லாமல் இல்லை. கனூட் ராஜா, செத்த அப்பனின் வெட்டுண்ட தலையோடு பேசிக்கொண்டிருக்கும் இடமெல்லாம் எனக்குக் கொஞ்சம் இழுவை. ஆர்ன்ஹெய்ட் என்று அதே பண்ணையில் ஒரு அடிமைப் பெண். அவளைப் பற்றி எழுத மாட்டேன். நல்லவர் என்று நாம் நம்பிக்கொண்டிருந்த ஒருவர் அவளை என்ன செய்கிறார் என்று நீயே பார். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

கடைசியில், பண்ணையைப் பறிக்க வந்த கனூட்டைத் தோர்ஃபின் பார்க்கப் போகிறான். காவலுக்கு நிற்கும் மலை மாதிரி ஒருத்தன் விடுவதாயில்லை. நூறு குத்து தாங்கினால் பார்க்கலாம் என்று பேச்சு. தாங்குகிறான்டா, ஒரு கை ஓங்காமல். ஏன் திருப்பி அடிக்கவில்லை என்றால், எனக்கு எதிரி யாரும் இல்லை என்கிறான். சின்ன வயதில் அவன் அப்பா தோர்ஸ் சொன்ன வார்த்தை. அன்று அது நமக்குப் பஞ்ச் டயலாக் மாதிரிதான் பட்டது. அப்புறம் ராஜாவிடம் போய், பேசிப்பார்ப்பேன், ஒத்துவரவில்லையென்றால் ஓடிவிடுவேன் என்று சொல்கிறான். ஹீரோ! ராஜாவிடம்! கட்டிலில் தனியாகச் சிரித்து அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அந்தப் பொடியன் நேற்று அவன் அம்மாவோடு வந்தான். ஒரு சீப்பு வாழைப்பழம், தலையைக் குனிந்தபடி நின்றான். எனக்குத் தோர்ஃபின் மனசெல்லாம் கிடையாது. வண்டி ரிப்பேர் பில்லை எடுத்து நீட்டினேன். பாதி தருகிறேன் என்றாள். மீதியைக் கேட்க வாய் வரவில்லை. நேற்றிலிருந்து அந்தக் கடுப்பில்தான் இருக்கிறேன்.

கட்டுப் பிரிக்க இன்னும் மூன்று வாரம். ஒரு சனி, ஞாயிறு வந்து சேர். சத்தியத்தை மீறினால் சாட்சி நான்தானே, கண்டுகொள்ள மாட்டேன். அம்மா கேட்கச் சொன்னாள்: இன்னும் பாகற்காய் என்றால் எழுந்து ஓடுவாயா?

உன்,
நொண்டி